உள்ளே மஞ்சள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். இங்கே நானும் மாமாவும் சௌக்கியம். உன் இருமல் எப்படி இருக்கு? நாள் முழுக்கப் பட்டறைப் புகையை விழுங்கிட்டு, இருமல் இருமல்னு எனக்கு எழுதினா நான் என்ன பண்றது? மூக்குல துணியைக் கட்டிக்கோ. கட்ட மாட்டே, தெரியும். சொல்ல வேண்டியது என் கடமை.

இந்தப் பொட்டலத்துல ஒரு பழைய நட்டு வச்சிருக்கேன். உன் மாமா கொடுத்தது. ஐஸ் கம்பெனியில ஏதோ வால்வு கழுத்துல மாட்டுறதாம். உள்ளே மரை தேய்ஞ்சு போச்சு. அங்கே சாமானுக்குப் பொறுப்பான ஸ்டோர்க்காரர் மேலிடத்துக்கு மூணு மாசமா எழுதிக்கிட்டே இருக்கார். இதோ வருது, அதோ வருதுன்னு பதில் வருதே தவிர, நட்டு வந்த பாடில்லை. "உன் தம்பி லேத்துல நிக்கிறானே, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு தர மாட்டானா"ன்னு உன் மாமா கேட்டார். எனக்குப் பெருமையா இருந்துச்சு, சரின்னு சொல்லிட்டேன். வேற விவரம் எனக்குத் தெரியாது. அளவு மட்டும் அப்படியே இருக்கணுமாம்.

ஊர்ல இருக்கிற வால்வுக்கெல்லாம் கவலைப்படுற மனுஷன், வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு மாசமா சொட்டுறதைக் கண்டுக்கிறதே இல்லை. அதை நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். இருமல் போயிடுச்சு. நீயும் மாமாவும் சுகம்தானே?

நட்டு ரெடி. மூணு மாசமா மேலிடத்துக்கு முடியாதது எனக்கு ஒரு மத்தியான வேலை. மாமாகிட்ட இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு.

பழசு இரும்பு. நான் பித்தளையில செஞ்சிருக்கேன். இரும்பு துருப்பிடிச்சு ஒட்டிக்கும், ஸ்பேனரோட மல்லுக்கட்டணும். பித்தளை அந்தத் தொல்லை பண்ணாது. மத்த நட்டெல்லாம் வெள்ளையா இருக்க, இது மட்டும் மஞ்சளா இளிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதேன்னு மேலே நிக்கல் முலாம் போட்டிருக்கேன். பார்த்தா மாமாவே இரும்புன்னுதான் நினைப்பார். அதனால நீ மறக்காம சொல்லிடு, உள்ளே பித்தளைன்னு.

எங்க மேஸ்திரிக்குப் பித்தளைன்னா பேச்சு நிக்காது. முதல்ல செம்பை உருக்கணும், அப்புறம்தான் துத்தநாகம். செம்பு உருகுற சூடு வர்றதுக்கு முன்னாடியே துத்தநாகம் கொதிச்சு ஆவியாயிடும். அதனால துண்டை இடுக்கியில பிடிச்சு, உருகின செம்புக்குள்ள அமுக்கிப் பிடிக்கணும். அப்படியும் தப்பிச்சது பஞ்சு மாதிரி வெள்ளைத் தூளா பட்டறை முழுக்கப் பறக்கும். சாயந்திரம் எங்களைப் பார்த்தா மாவு மில்லுக்காரங்கன்னு நினைப்பே. துத்தநாகத்தைக் கண்ணாலேயே பார்க்காத காலத்துல ஜனங்க பித்தளை செஞ்சிருக்காங்களாம். செம்புத் துண்டு, ஒரு வகைக் கல்லுப்பொடி, கரித்தூள் மூணையும் பானையில போட்டு மூடி வேகவிடுவாங்களாம். திறந்து பார்த்தா செம்பு மஞ்சளாகியிருக்கும். உள்ளே என்ன புகுந்துச்சுன்னு தெரியாமலே பல நூறு வருஷம் ஓட்டியிருக்காங்க.

பூட்டு, கீல், குழாய், ஊதுற வாத்தியம், துப்பாக்கித் தோட்டாவோட கூடு, எல்லாத்துக்கும் இது வேணும். பித்தளைக்கு ஒரே ஒரு எதிரி குதிரை லாயம்தானாம். சிரிக்காதே. எங்கேயோ ஒரு பட்டாளம் மழைக்காலத்துல தோட்டாப் பெட்டிகளை லாயத்துல அடுக்கி வச்சுதாம். மழை விட்டு எடுத்துப் பார்த்தா கூடு எல்லாம் தானா வெடிப்பு விட்டிருக்கு. குதிரை மூத்திரத்து வாடைதான் காரணமாம். அதனால மாமாகிட்ட சொல்லு, இந்த நட்டை எங்கே வேணா மாட்டட்டும், குதிரை லாயத்துல மட்டும் வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க ரெண்டு பேரும் நலம். உன் பொட்டலம் போன வாரமே வந்துடுச்சு. உடனே எழுதாததுக்குத் திட்டாதே. வீட்ல மூணு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் அந்தக் குழாயாலதான். அது முடிஞ்சு, நேத்துதான் மனுஷன் ஸ்பேனரை எடுத்தார். கால் மணி நேரத்து வேலை. அதுக்கு ரெண்டு மாசம் நான் தொண்டை வத்தக் கத்தணும்.

நட்டை அவர் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்துல வச்சேன், எடுத்துட்டுப் போனார். கச்சிதமா உக்காந்துடுச்சாம். ஸ்டோர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். மச்சானுக்குக் கையில வித்தை இருக்குன்னு உன் மாமா என்கிட்ட நாலு தடவை சொல்லிட்டார். தலைக்கனம் ஏத்திக்காதே.

குதிரைக் கதையைப் படிச்சுத் தனியா நின்னு சிரிச்சேன்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம்னு எழுத ஆசைதான். இன்னைக்குத் திங்கக்கிழமை, அதனால லேசா காய்ச்சல். பயப்படாதே, இது பட்டறைக் காய்ச்சல். வாரம் முழுக்க அந்த வெள்ளைப் புகையில நின்னா உடம்பு பழகிடும். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நல்ல காத்தைச் சுவாசிச்சா பழக்கம் விட்டுப்போகும். திங்கக்கிழமை புகை பட்டதும் குளிர் தூக்கிப் போடும். மறுநாள் ஒண்ணும் இருக்காது. லீவு விட்டாத்தான் வியாதி எங்களுக்கு. மேஸ்திரி இதைச் சொல்லியே ஞாயித்துக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடப் பார்க்கிறார்.

மாமாவுக்குக் குழாய் மாட்டுற புத்தி வந்ததுல சந்தோஷம்.

அது சரி, உள்ளே பித்தளைன்னு சொன்னதும் மாமா என்ன சொன்னார்? நம்பலைதானே?

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

நீ போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. நான் நல்லா இருக்கேன். நீ உடம்பைப் பார்த்துக்கோ.

வந்தவங்க எல்லாரும் போயாச்சு. வீடு பழைய மாதிரிதான் இருக்கு. காலையில ரெண்டு டம்ளர் வைக்கிறேன். ஒண்ணை எடுத்து உள்ளே வைக்கிறேன். எனக்கு அழுகை வரலை. பக்கத்து வீட்டம்மா, அழுதுடு, அழுதுடுன்னு முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்காகவாவது அழலாம்னு பார்த்தேன். வரலை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கேன், தட்டினா சத்தம் மட்டும் கேக்குது.

கம்பெனியிலிருந்து அவரோட சாமான் கொடுத்து அனுப்பினாங்க. செருப்பு, கைக்கடிகாரம், சாப்பாட்டு டப்பா. டப்பாவைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன்.

நீ இருந்தப்போ அரைகுறையாக் கேட்டது இப்ப முழுசாத் தெரிஞ்சுது. வாயு கசியுதுன்னதும் கூட இருந்த நாலு பேரை வெளியே அனுப்பிட்டு, பெரிய வால்வை மூடுறதுக்காக இவர் மறுபடி உள்ளே போயிருக்கார். மூடிட்டார். திரும்பி வர்ற வழியிலதான் விழுந்திருக்கார். கசிஞ்சது ஒரு நட்டு வெடிச்சதாலதானாம். வெடிச்ச இடத்துல உள்ளே மஞ்சளா இருந்துச்சாம். இரும்புன்னு ஏமாத்தி மட்டமான நட்டை வாங்கிப் போட்டுட்டார்னு ஸ்டோர்க்காரரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. விசாரணை வைப்பாங்களாம்.

உள்ளே மஞ்சள்னா என்னன்னு எனக்கு என்ன தெரியும். கேட்டதை எழுதுறேன்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கே? சாப்பிடுறியா? தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. வேலை அதிகம்.

இங்கே புது உலை வந்திருக்கு. பழசை விடச் சீக்கிரம் சூடேறும். ஒரு ஆஸ்பத்திரிக்குக் கதவுக் கைப்பிடி நானூறு போட்டுட்டிருக்கோம். பித்தளையில கிருமி சீக்கிரம் செத்துடுமாம், அதனால கேட்டிருக்காங்க. எல்லாத்தையும் நான்தான் மெருகேத்துறேன். லேத்துக்கு இப்ப வேற ஆள் நிக்கிறார். நானா கேட்டு மாத்திக்கிட்டேன்.

சாப்பாடு இறங்குது. தூக்கம் வருது. மேஸ்திரி என்கிட்ட ரொம்பப் பேச்சு வச்சுக்கிறதில்லை. நானும்தான்.

சமையலறைக் குழாய் சரியா இருக்கா?

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

நான் நலம். குழாய் சரியா இருக்கு.

முந்தாநாள் ஸ்டோர்க்காரரோட சம்சாரம் வந்தாங்க. அந்தம்மாவை நான் ரெண்டு மூணு தடவைதான் பார்த்திருக்கேன். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில உட்கார்ந்தாங்க. என்னைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்கிறதா, தன் கஷ்டத்தைச் சொல்றதான்னு அவங்களுக்கே தெரியலை, பாவம். தண்ணி கொடுத்தேன். டம்ளரைக் கையிலயே வச்சிருந்தாங்க.

அவங்க வீட்டுக்காரர் அந்த நட்டை வாங்கவே இல்லையாம். எங்கேயிருந்து வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாதாம். என் வீட்டுக்காரர் ஒருநாள், கவலைப்படாதீங்க, கிடைச்சிடுச்சுன்னு சொல்லிக் கொண்டுவந்தாராம். இவர் சந்தோஷத்துல எங்கேருந்துன்னு கூடக் கேட்கலையாம். இப்ப அதைச் சொன்னா, செத்தவர் மேல பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான்னு மேலிடத்துல சொல்றாங்களாம். ரெண்டு மாசமா மனுஷன் வாசலுக்கே வர்றதில்லையாம். ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயப்படுறாராம்.

"அண்ணன் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"ன்னு கேட்டாங்க.

சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. போகும்போது டம்ளரைத் தானே கழுவி வச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் நான் நெடுநேரம் அந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை ஜூலை இருபதாம் தேதி. நீ எதையும் எழுதலை. நானும் எதையும் கேட்கலை.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா இருக்கணும்.

அது நான் செஞ்ச நட்டுதான். இதை எழுத எனக்கு ரெண்டரை மாசம் ஆயிருக்கு. நீ ஏப்ரல்ல எழுதின கடிதத்துல உள்ளே மஞ்சள்னு படிச்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா ஏன் வெடிச்சுதுன்னு புரியலை. மேஸ்திரிகிட்ட போய், ஐஸ் கம்பெனியில என்ன வாயு ஓடும்னு மட்டும் கேட்டேன். அம்மோனியான்னார். அப்புறம் அவரே கேட்டார், ஏன், அங்கே யாராவது பித்தளை மாட்டிட்டாங்களா, குதிரை லாயத்துல அடிக்கிற வாடையும் அதுதானேன்னு. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டார். அதுக்கப்புறம்தான் அவர் பேச்சைக் குறைச்சுக்கிட்டது.

கதையை வேடிக்கையா எழுதத் தெரிஞ்சவனுக்கு, அந்த வாடைக்கு என்ன பேர், அது வேற எங்கே இருக்கும்னு கேட்கத் தெரியலை. எங்கே மாட்டப்போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை. மாதிரி இரும்பு, நான் கொடுத்தது பித்தளை. அதுக்கு மேலே முலாம் வேற. யாரும் முலாம் போடச் சொல்லலை. அழகா இருக்கட்டும்னு நானா போட்டேன். அது மஞ்சளாவே இருந்திருந்தா, அம்மோனியாவோடயே வேலை பார்த்த மாமா ஒரு பார்வையிலேயே தூக்கி எறிஞ்சிருப்பார்.

இருபதாம் தேதி நான் வர்றேன். ஸ்டோர்க்காரருக்கு இதுல சம்பந்தமே இல்லைன்னு சொல்லப்போறேன். நட்டை நான் செஞ்சு, பித்தளைன்னு யாருக்கும் தெரிவிக்காம, ஒரு விவரமும் எழுதாம, வெறும் பொட்டலமா அனுப்பினேன்னு சொல்லிடுறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். உன்னைக் கேட்டா, பொட்டலம் வந்துச்சு, கொடுத்தேன்னு மட்டும் சொல்லு. என் பழைய கடிதம் ஏதாவது இருந்தா அடுப்புல போட்டுடு. குப்பை எதுக்கு.

இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

நீ நலமா இருக்கணும்னு எழுதியிருக்கே. இருக்கேன்.

வெறும் பொட்டலமா அனுப்பினேன்னு சொல்லாதே. நீ அனுப்பினது வெறும் பொட்டலம் இல்லை.

பிப்ரவரியில ஒரு கேள்வி கேட்டிருந்தே, உள்ளே பித்தளைன்னு சொன்னதும் மாமா என்ன சொன்னார்னு. அதுக்கு நான் பதிலே எழுதலை. இப்ப எழுதுறேன். நான் சொல்லலை.

பொட்டலம் வந்த அன்னைக்கு நாங்க பேசாம இருந்த ரெண்டாவது நாள். அதுக்கு முந்தின நாள், ஊர்க் குழாய்க்கெல்லாம் ஆள் நீங்க, வீட்டுக் குழாய்க்கு ஆள் யாருன்னு கேட்டேன். அதுக்கு அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்குத்தான் கோபம். உன் கடிதத்தை அடுப்படியில நின்னு படிச்சேன். லாயத்துக் கதையைப் படிச்சதும், அவர்கிட்ட சொல்லணும்னு ரெண்டு அடி எடுத்து வச்சேன். அப்புறம், பேசுறதில்லைன்னு இருக்கோமேன்னு ஞாபகம் வந்து திரும்பிட்டேன். நட்டை டப்பா பக்கத்துல வச்சேன். அவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். "நல்லாயிருக்கே. தம்பி ஏதாவது எழுதியிருக்கானா?"ன்னு கேட்டார்.

என்கிட்ட பேச்சை ஆரம்பிக்க வழி தேடுறார்னு எனக்குத் தெரியும். அவ்வளவு சுலபமா விட்டுடுறதான்னு நினைச்சேன். பதில் சொல்லாம குழாயைத் திறந்து விட்டேன், பாத்திரம் தேய்க்கிற மாதிரி. அவர் நட்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

சமாதானம் ஆனப்புறம் சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன். பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது. உன் அடுத்த கடிதத்துல அந்தக் கேள்வியைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. அதான் மாட்டியாச்சே, நல்லா உக்காந்துடுச்சுன்னு அவரே சொன்னாரே, இப்பப் போய்ச் சொன்னா அன்னைக்கு ஏன் சொல்லலைன்னு கேட்பாரேன்னு தள்ளிப்போட்டேன். ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்னு நினைச்சேன். எத்தனை ஞாயித்துக்கிழமை போச்சு தெரியுமா? அஞ்சு.

அதுக்கப்புறம் நீ அதைக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாள் இங்கே இருந்தே, கேட்கலை. ஏப்ரல்ல நான் மஞ்சள்னு எழுதினப்புறமும் நீ கேட்கலை. சொன்னியா அக்கான்னு ஒரு வரி எழுதியிருந்தா உன் மனசு எவ்வளவு லேசாயிருக்கும். என்னைக் காப்பாத்துறதுக்காக அந்த வரியை எழுதாம ஆறு வாரம் சும்மா இருந்திருக்கே. அப்புறம் குழாய் சரியா இருக்கான்னு கேட்டே. அன்னைக்குத்தான் தம்பி எனக்கு அழுகை வந்துச்சு. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

அந்த ஜனவரிக் கடிதத்தை நேத்து விசாரணை அதிகாரி கையில கொடுத்துட்டேன். போற வழியில ஸ்டோர்க்காரர் வீட்டு வாசல்ல நின்னு, அந்தம்மாவைக் கூப்பிட்டு, அவங்க கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிட்டேன். அவங்க ரொம்ப நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, அப்புறம் விட்டுட்டாங்க.

இருபதாம் தேதி வா. நடந்ததை மட்டும் சொல்லு.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லபடியா வந்து சேர்ந்தேன். நீ சௌக்கியமா?

அன்னைக்கு அந்த பெஞ்சுல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தும் பேசிக்கலை. அதிகாரி என் கடிதத்தைச் சத்தமா படிச்சப்போ, லாயம் வந்த இடத்துல அவருக்கே சிரிப்பு வந்து, உன்னைப் பார்த்துட்டு அடக்கிக்கிட்டார். நானும் உன்னைத்தான் பார்த்தேன். நீ எதிர்ச் சுவரைப் பார்த்துட்டிருந்தே.

நட்டு கம்பெனிக்கு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு, யாரைத் தண்டிக்கிறதுன்னு தெரியலைன்னு எழுதி முடிச்சுட்டாங்களாம். ஸ்டோர்க்காரர் மறுபடி வேலைக்குப் போறார்னு கேள்விப்பட்டேன். நல்லது.

மேஸ்திரி என்னை லேத்துல நிக்கச் சொல்றார். போன வாரம் ஒருத்தர் ஒரு குழாய் மூடிக்கு மாதிரி கொண்டுவந்தார். எங்கே மாட்டப்போறீங்க, அங்கே என்ன ஓடும், பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மனுஷனுக்குக் கோபம் வந்துடுச்சு, போலீஸா நீன்னுட்டார். வேலையை எடுத்துட்டு வேற பட்டறைக்குப் போயிட்டார். போகட்டும்.

இன்னும் மெருகேத்துற பக்கம்தான் நிக்கிறேன்.

உன் மேல எனக்குக் கோபம் இல்லை. அதைத் தனியா ஒரு வரியா எழுதணும்னு தோணிச்சு.

தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கு? காய்ச்சல் திங்கக்கிழமை மட்டும்தான் வருதா, மத்த நாளும் வருதா? மறைக்காம எழுது.

நீ எழுதின அந்த ஒரு வரியைப் படிச்சேன். எனக்கு என் மேல இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், நான் பார்த்துக்கிறேன்.

குழாய் மறுபடி சொட்ட ஆரம்பிச்சிருக்கு. அவர் மாட்டினது ஆறு மாசம்தான் தாங்கியிருக்கு. அவசரத்துல கோணலா இறுக்கியிருப்பார். ஆளைக் கூப்பிட மனசு வரலை. கீழே ஒரு சொம்பு வச்சிருக்கேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கொட்டுறேன்.

லீவு கிடைக்கிறப்போ ஒரு குழாய் செஞ்சு எடுத்துட்டு வா. தண்ணிக் குழாய். சமையலறையில மாட்டுறது. அதுல தண்ணியைத் தவிர வேற ஒண்ணும் ஓடாது. பித்தளையிலயே செய். முலாம் வேண்டாம், மஞ்சளாவே இருக்கட்டும்.

வர்றதுக்கு முன்னாடி, எதுல செஞ்சிருக்கே, எப்படிச் செஞ்சிருக்கேன்னு முழுசா ஒரு கடிதம் எழுதிப் போடு. வந்ததும் சத்தமா படிக்கிறேன். வீட்ல கேக்க ஆள் இல்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் படிக்கிறேன்.

உன் அக்கா